கண்காட்சியிலிருந்து இறக்கிய சேலை

அத்தை இறந்த செய்தி விடியும்போது வந்தது. போனில் சொன்னவர் மதினியின் வீட்டுக்காரர். மதினி அத்தையின் ஒரே மகள். குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர்கள் வீட்டோடுதான் அத்தை இருந்தாள். கடைசி ஆறேழு மாதம் படுக்கைதான்.

"விடியக்கால அடங்கிட்டாவம்மா" என்றார். "பொழுது சாயுமுன்ன தூக்கணும். பொறந்த வீட்டுக் கோடி நீதான் கொண்டுட்டு வரணும். வேற ஆளு யாரு இருக்கா?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். நீர்மாலை என்று குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து உடலைக் குளிப்பாட்டி, அந்தக் கோடியை மேலே போட்டால்தான் பாடையில் வைப்பார்கள். அத்தையின் பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அவளுடைய அண்ணன், என் அப்பா, முன்பே போய்விட்டார். அம்மாவும் இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை.

கோவில்பட்டியில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடைக்காரரை எழுப்பி, ஒரு சேலையை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அத்தைக்கான கோடி ஏற்கெனவே இருந்தது. அது மதுரையில், ஒரு கண்காட்சிக் கூடத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி மூங்கில் கழியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டவள் நான்.

"அண்ணே, சேலை மதுரையில இருக்கு. எடுத்துட்டு நேரா வந்துருதேன். நான் வாரதுக்குள்ள தூக்கிராதீங்க" என்றேன்.

"வெயில் காலம்மா. பாத்துச் சீக்கிரம் வா."

அந்தச் சேலையின் கதையைச் சொல்லாவிட்டால் நான் அன்று ஏன் பைத்தியம் பிடித்தவள் மாதிரி அலைந்தேன் என்பது புரியாது. அத்தை வீட்டுக் காட்டில் ஒரு வருஷம் பருத்தி நன்றாக வெடித்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. கரிசலுக்கென்றே உள்ள கருங்கண்ணிப் பருத்தி. இழை குட்டை, மில்லுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மூட்டைகள் வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. கோவில்பட்டியில் நூல் மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்குத் தங்கை அழுவது பொறுக்கவில்லை. ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் யார் யார் கையையோ காலையோ பிடித்து அதை நூலாக்கினார். அருப்புக்கோட்டையில் தெரிந்த நெசவுக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சேலையாக்கிக் கொண்டுவந்தார். சாம்பல் கலந்த வெள்ளை, விரல் அகலத்துக்குச் சிவப்புக் கரை. முரட்டுத் துணி. தங்கையின் காட்டில் விளைந்ததைத் தங்கையே உடுத்த வேண்டும் என்று அவருக்கு ஒரு கிறுக்கு.

பொங்கலுக்குக் கட்டுவதாக எடுத்து வைத்தாள் அத்தை. பொங்கலுக்கு முன்பே மாமா செத்துப்போனார். சிவப்புக் கரையை இனி எப்படிக் கட்டுவது என்று பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பிறகு அப்பாவும் போனபோது, அழுது ஓய்ந்த ஒருநாளில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "எங்கண்ணன் எனக்குப் போடவேண்டிய கோடிய முன்னாடியே எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டான். நான் போகும்போது அதப் போட்டு அனுப்புங்க." அன்றிலிருந்து அந்தச் சேலைக்கு அதுதான் வேலை என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். வேப்பிலையும் வசம்பும் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள்.

என் வேலை பழைய துணி சேர்ப்பது. ஆவணக் காப்பகம் என்று பலகை மாட்டியிருக்கிறேன். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அக்கா, பழைய துணிக்கு ஏனம் பாத்திரம் குடுப்பியளா?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஒரு தையல் கடையின் மாடியில் இரண்டு அறைகள், துருப்பிடித்த பீரோக்கள். மிளகாய் பறிக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் ஆண் சட்டைகள், தீப்பெட்டி ஆபீஸில் மருந்துக்கறை ஏறிய தாவணி, ஆடு மேய்க்கிறவர்களின் கம்பளி, மில்லுக்குப் போனவர்களின் காக்கி அரைக்கால் சட்டை, ஊருக்குள் முதன்முதலாக நைட்டி போட்டு ஏச்சு வாங்கிய ஒரு அக்காவின் அந்த நைட்டி. பட்டும் ஜரிகையும்தான் மரபு என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஆட்கள் அம்மணமாகவா திரிந்தார்கள்? அவர்கள் உடுத்தியதும் ஒரு வரலாறுதானே? இதை எழுதியும் பேசியும் கேட்டும் என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். காட்சிக்கு வைக்கக் கேட்ட இடத்திலெல்லாம் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் மதுரையில் ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. என் சேகரிப்பை வைத்தே ஒரு கண்காட்சி. கரிசல் நாட்டு மக்கள் என்ன உடுத்தினார்கள் என்பதைப் பற்றி மட்டும். எனக்கு வாய்த்த முதல் வாய்ப்பு அது. பொறுப்பாளராக இருந்த பெண் வயதில் சின்னவள், கெட்டிக்காரி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் உடுத்திக் கிழிஞ்சதா இருக்குக்கா. நெசவு எப்படி இருந்துச்சுன்னு காட்ட முழுசா ஒண்ணு கிடைக்குமா? நடுக்கூடத்துக்கு அது இருந்தா எடுப்பா இருக்கும்."

எனக்கு உடனே அத்தையின் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

அத்தை படுக்கையில் கிடந்தாள். பாதி வெட்கத்தோடு கேட்டேன். கண்காட்சி முடிந்ததும் கையோடு கொண்டுவந்து தருகிறேன், நடுவில் எப்போது கேட்டாலும் கொண்டுவருகிறேன் என்றேன். அவள் வாயில் சிரிப்பு வந்தது. "அதப் பாக்கதுக்கா மதுரைல ஆளு வருது?" என்றாள். "சரி, நாளைக்கு வந்து எடுத்துக்க" என்றாள். மறுநாள் போனேன். சேலையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மதினி முகம் கொடுத்துப் பேசவில்லை. சேலையை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன். பழைய மடிப்பை அடிக்கடி பிரித்தால் இழை முறியும் என்பதால் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைத் தாளில் சுற்றி அப்படியே மதுரையில் சேர்த்தேன். கூடத்தில் அது தொங்குகிற படத்தை அத்தைக்குப் போனில் காட்டினேன். "அங்கன ஏசி போட்டிருக்காவளோ? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பக்கத்தில் சுவரில் ஒட்டிய அட்டைக்கு நான்தான் எழுதினேன். 'தன் இறுதி நாளுக்கென ஒரு பெண் உடுத்தாமல் வைத்திருக்கும் சேலை.' அந்த அட்டையைப் படித்துவிட்டு ஆட்கள் திரும்பவும் சேலையை ஏறிட்டுப் பார்ப்பார்கள். சிலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

செய்தி வந்த அன்று கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போன பேருந்தில் அந்தப் பெருமை என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்ல முடியாது. உட்காரவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. போகிற பேருந்து அத்தை கிடக்கும் ஊருக்கு நேர் எதிராகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊராகத் தாண்டத் தாண்ட நான் அவளைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தேன்.

கூடம் பூட்டியிருந்தது. காவலாளி, "பத்து மணிக்குத்தாம்மா தொறப்பாங்க" என்றார். பொறுப்பாளருக்குப் போன் போட்டு வரவழைத்தேன். தலைகூடச் சீவாமல் ஓடி வந்தாள், பாவம். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் தயங்கினாள். கண்காட்சி நடக்கும்போது நடுவில் எதையும் இறக்கக் கூடாதாம். மேலே இருக்கிறவர்களிடம் கேட்க வேண்டுமாம். மேலே இருக்கிறவர் பெங்களூரில் இருந்தார். போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போடுறதுக்குன்னா வேற சேலை வாங்கிக்கலாமே? இது ஒண்ணுதானே இப்படி இருக்கு? எரிச்சிருவாங்களேக்கா."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. வேறு ஒருவர் வீட்டுச் சேலையாக இருந்திருந்தால் அதையே நானும் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு வெறியைக் கிளப்பியது. "அங்க ஒருத்தி இதுக்காக வெயில்ல கிடக்கா!" என்று கத்தினேன். காவலாளி எட்டிப் பார்த்தார். "அவ அண்ணன் அவளுக்கு எடுத்தது. அவளுக்கு அதப் போடாம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போவேன்? நீ இறக்குறியா, நான் ஏறட்டுமா?"

அவளே ஏணியைக் கொண்டுவந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு கழியிலிருந்து அதை இறக்கி, பழைய மடிப்பிலேயே மடித்தாள். தாளில் சுற்றும்போது, "உள்முந்தியில ஒரு மூலையில சின்னதா மஞ்சக் கறை இருக்குக்கா. வரும்போதே இருந்துச்சு, நாங்க தொடலை" என்றாள். "சரி சரி" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன். கறை இருந்தால் என்ன, கிழிசல் இருந்தால் என்ன, எரியப் போகிற சேலை.

தூத்துக்குடிப் பேருந்தில் ஏறினேன். எட்டயபுரத்தில் இறங்கி விளாத்திகுளத்துக்கு மாற வேண்டும். சேலை மடியில். பக்கத்தில் இருந்த அம்மாள், "புதுசா? விசேஷமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அருப்புக்கோட்டையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். இரண்டு வடையை வாங்கி ஆற அமரப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இறங்கிப் போய், "அண்ணாச்சி, சாவுக்குப் போயிட்டிருக்கேன், கொஞ்சம் எடுங்க" என்றேன். "எல்லாரும் எங்கயோ போறவியதாம்மா" என்றார் வாயில் வடையோடு. அந்த ஊர்த் தறியில்தான் இந்தச் சேலையை நெய்தது. இங்கேயே இதைப் போட்டுக்கொண்டு நானும் சாகலாம் என்று தோன்றிவிட்டது.

போன் வழியிலேயே உயிரைவிட்டுவிட்டது. யாருக்கும் எங்கே வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை. எட்டயபுரத்தில் விளாத்திகுளம் வண்டி அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது வந்து, அதில் ஏறி, விளாத்திகுளத்தில் மிளகாய் மூட்டை ஏற்றிவந்த லோடு ஆட்டோக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏறி உட்கார்ந்தேன். நெடி கண்ணைக் கரித்தது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசலில் ஒரு நிழல் இல்லை. தூக்கியிருப்பார்கள், தூக்கியிருப்பார்கள் என்றே மனம் அடித்துக்கொண்டது. அத்தை, இரு, இரு, இந்தா வந்துவிட்டேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

தூக்கவில்லை. பந்தலுக்குள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீர்மாலை வந்து, குளிப்பாட்டி முடித்து, பழைய சேலை ஒன்றைச் சுற்றி அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். "வந்துட்டா, வந்துட்டா, பொறந்த வீடு வந்துட்டு" என்று ஒரு குரல். மதினி தலைமாட்டில் மயங்கின மாதிரி சாய்ந்திருந்தாள். அத்தை முகத்தைப் பார்த்தேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்ற ஒரு சந்தோஷம், சந்தோஷம்தான், வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தாளைப் பிரித்தேன். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தார்கள். விரித்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"ஏட்டி, மஞ்சள் வச்சிருக்கு."

உள்முந்தியின் மூலையில், பெருவிரல் ஒற்றின அளவுக்கு மஞ்சள். புதுத்துணி எடுத்தால் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவோம். கோடிக்கு மட்டும் வைப்பதில்லை. அதுதான் உயிரோடு இருப்பவர்கள் துணிக்கும் செத்தவர்கள் துணிக்கும் வித்தியாசம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மதுரைப் பெண் கறை என்று சொன்னபோது எனக்கு அது உறைக்கவில்லை.

"பரவாயில்ல, போடுங்க" என்றேன்.

"அது எப்படிம்மா? மஞ்சள் வச்சது இருக்கிறவிய கட்டுதது. அதக் கொண்டு போயிப் பொணத்து மேல போட்டா, இங்கன உள்ள பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆகுமா?"

"எங்கப்பா எடுத்தது! அவ கேட்டது! எல்லாருக்கும் தெரியும்லா!"

"தெரியும். அதுக்குன்னு?"

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இரக்கப்பட்டுச் சொன்னார்கள், அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மதினியின் வீட்டுக்காரர் ஆள் அனுப்பிவிட்டார், குளத்தூர்க் கடையில் ஒரு சேலை எடுத்துவர. பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த ஆள் திரும்பி வருவதற்குள் என்று எனக்கு ஒரு வெறி. சேலையைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்கு ஓடினேன். அங்கே கிடந்த துணிசோப்பை எடுத்து அந்த மூலையில் போட்டுத் தேய்த்தேன். கையுறை இல்லாமல் யாரையும் தொடவிடாத நான் அதைக் கல்லில் வைத்துக் கசக்கினேன். சோப்புப் பட்டதும் மஞ்சள் குப்பென்று சிவந்தது. தேய்க்கத் தேய்க்க ரத்தம் மாதிரி பரவியது. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மதினி வந்து என் கையைப் பிடித்தாள். எழுந்து நடக்கவே தெம்பில்லாதவள் எப்படி வந்தாளோ.

"விடுட்டி. அது போகாது. நான்தான் வச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீ எடுத்துட்டுப் போன அன்னைக்குக் காலைல. அம்மாதான் வைக்கச் சொன்னா. தாலியறுத்த கையால நான் வைக்கக் கூடாது, நீ வைன்னா. மஞ்சள் பட்டுட்டா பெறகு ஒனக்கு ஆகாதேம்மான்னு சண்டை போட்டேன். பிள்ள மொத மொத ஒரு காரியம் தொடங்குதா, அதுக்குப் போயி சாவுக்கு வச்ச துணியக் குடுத்தா விளங்குமா, வையிட்டின்னு என்னைய ஏசுனா."

"அப்போ ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டா. சொன்னா நீ வாங்க மாட்டியாம்." அவள் குழாயைத் திறந்து வெறும் தண்ணீரில் அந்த மூலையை அலசினாள். "நீ அதத் தேடி மதுரைக்குப் போயிருக்கேன்னு மத்தியானந்தான் எனக்குத் தெரியும். போன் போட்டா ஒனக்குப் போகல. இல்லேன்னா கடைல ஒண்ண எடுத்துட்டு நேரா வந்திருப்பே. அம்மையோட ரெண்டு மணிநேரமாச்சும் இருந்திருப்பே."

பைக் வந்துவிட்டது. பாலியெஸ்டர் சேலை, நீலத்தில் பெரிய பெரிய பூ. கடைக்காரர் ஒட்டின தாள் ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பிறந்த வீட்டின் சார்பாக நான்தான் போட்டேன். வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கியது. யாரோ ஓரத்தைச் செருகி நிறுத்தினார்கள். அத்தை தன் காட்டுப் பருத்தியில் போகவில்லை, அண்ணன் எடுத்ததில் போகவில்லை. வாழ்நாளில் தொட்டுப் பார்த்திராத ஒரு பூவோடு போனாள். தெருமுனை வரை பின்னால் போய் விழுந்து அழுதேன். பெண்கள் தூக்கிக் கொண்டுவந்து தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

சார்ஜ் ஏறியதும் போன் அடித்தது. மதுரைப் பெண். மேலே இருப்பவர் கேட்கிறாராம், தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா... போட்டாச்சா?" இல்லை என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் அவள் மூச்சு விட்டது கேட்டது. நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த மதினி, "கொண்டு போயி மாட்டு. அதுக்குத்தான் குடுத்தா" என்றாள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மறுநாள் காலையில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அதே விளாத்திகுளம், அதே எட்டயபுரம், எதிர்த் திசையில் மதுரைப் பேருந்து. இரவெல்லாம் தாளுக்குள் சுற்றிக் கிடந்ததில் ஈரம் காயவில்லை. காயட்டும் என்று சேலையின் மூலையை மட்டும் தாளுக்கு வெளியே எடுத்து ஜன்னலோரம் பிடித்திருந்தேன். காற்றுப்பட்டுச் சிவப்பு மெல்ல மஞ்சளாகத் திரும்பியது. சுவரில் ஒட்டிய அட்டையை மாற்றி எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று யோசித்தால் அழுகைதான் வந்தது.

அருப்புக்கோட்டையில் ஓட்டுநர் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவர் குடித்துவிட்டு வரட்டும்.